மச்சு மேலே கீற்று

கூரை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நாலு காசு சேர்ந்ததும் தளம் போட்ட வீடு கட்டுவார்கள். கட்டி முடித்த முதல் கோடையிலேயே அந்தத் தளத்துக்கு மேல் ஒரு கீற்றுக்கொட்டகை போடுவார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் எண்பதுகளில் இது ஊரறிந்த வழக்கம். சித்திரை வெயிலில் நாளெல்லாம் காய்ந்த தளம், ராத்திரி ஆன பிறகுதான் தன் சூட்டைக் கீழே இறக்கும். ஃபேன் அதையே சுற்றிச் சுற்றி அனுப்பும். “கூரையில கெடந்தப்ப நல்லாத்தாண்டா தூங்கினேன். ஒங்கப்பன் கொண்டாந்து அடுப்புக்குள்ள வச்சிட்டான்” என்று அப்பாயி பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடும்.

கீற்று வாங்குவது தை கடைசியில். அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். கூரை கட்டும் பெரியவர் ஒருவர் வருவார். எங்களுக்கு அவர் தாத்தா. அப்பா சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து அவரோடு தோப்புக்குப் போவார். தாத்தா விலை பேசமாட்டார். கட்டின் நடுவிலிருந்து ஒரு கீற்றை உருவி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஊடே எவ்வளவு வெளிச்சம் வருகிறதென்று பார்ப்பார். நுனியை மடக்குவார். படக்கென்று ஒடிந்தால் அந்தக் கட்டே வேண்டாம். கடைசியில் மோந்து பார்ப்பார். மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு முடைந்த கீற்றில் சேற்று வாடை இருக்கும், நிறமும் கறுத்திருக்கும். அவசரத்துக்கு ஊறவைக்காமல் முடைந்தது வெளுப்பாக, பார்க்க அழகாக இருக்கும். நான் அதைத்தான் காட்டுவேன். “அது கல்யாணப் பந்தலுக்கு ஆவும் தம்பி. மழைக்கு ஆவாது.”

சண்டை வந்தது கால் நடுவதில். தளத்தைத் துளைத்து சவுக்குக் கம்பை நட்டுவிடலாம் என்றார் அப்பா. “தளத்தக் குத்துறதா இருந்தா நான் எறங்கிடுறேன் சார்” என்று தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா அவர் பக்கம். வீடு கட்டும்போது அந்தத் தளம் போட்டதை நாங்கள் எல்லோருமே பார்த்திருந்தோம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டினார்கள். (அந்த வெல்லத்தில் பாதி எங்கள் வயிற்றுக்குப் போனது தனிக் கதை.) அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். இத்தனை பாடுபட்டதில் விரல் நுழைகிற ஓட்டை ஒன்று விழுந்தால் போதும், ஐப்பசி மழை அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். மண்ணெண்ணெய் டின்களில் கம்புகளை நிறுத்தி, ஜல்லிக் கலவை கொட்டி இறுகவிட்டு, ஒவ்வொரு காலையும் கைப்பிடிச்சுவரோடு சேர்த்துக் கட்டினார் தாத்தா. தட்டோட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

வேய்வது இறவாணத்திலிருந்து மேல்நோக்கி. முதல் வரிசைக் கீற்றின் மேல் அடுத்த வரிசை பாதிக்குமேல் ஏறியிருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே இறங்காது. வாளித் தண்ணீரில் ஊறிக்கிடக்கும் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்துக் கொடுப்பது என் வேலை. நனைந்த கயிறுதான் வளைந்து கொடுக்கும். தாத்தா ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை மூங்கில் வரிச்சில் இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை ஊன்றி இழுப்பார். கயிறு ‘கிர்’ரென்று முனகும். எல்லாம் முடிந்ததும் ஆடிக்காற்றுக்கென்று கூரைக்கு மேலேயும் மூங்கிலை வைத்து அழுத்திக் கட்டுவார். பத்திரிகையும் நோட்டும் பறக்கிற காற்றில் எங்கள் கொட்டகை கிறீச்சிடும், அவ்வளவுதான்.

அதற்குக் கீழேதான் முழுப்பரீட்சை லீவு போனது. வடாம் காயும் பக்கம் மட்டும் வெயில், மீதி நிழல். அணில் ஒன்று முகட்டில் குடும்பம் நடத்தியது. பூரான் விழும் என்று அம்மா பாயை உதறாமல் படுக்கவிடமாட்டாள். மழைக்காலம் போனதும் வடக்குப் பக்கத்துக் கீற்று மட்டும் மக்கிப்போயிருக்கும். அந்தப் பக்கத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவோம். பழசு வெந்நீர் அடுப்புக்குப் போகும். தீபாவளி ராத்திரியில் அப்பா பட்டாசு பக்கம் வரவே மாட்டார். வாளியும் சொம்புமாக மாடியில் நின்று கீற்றை நனைத்துக்கொண்டே இருப்பார். தெருவில் யாராவது ராக்கெட் பற்றவைத்தால் மேலிருந்து அவர் குரல்தான் முதலில் வரும்.

எதிர்வீட்டில் தகரம் போட்டார்கள். வருஷா வருஷம் செலவில்லை என்று பெருமை. மழை பெய்தால் அவர்கள் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. பகலில் அதன் கீழே நிற்கவும் முடியாது. அப்பாவுக்கு மட்டும் தகரத்தின் மேல் ஒரு கண் இருந்தது, நெருப்புப் பயத்தால்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக்கூரை பற்றி 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். செய்தி வந்த வாரமே அப்பா எங்கள் கொட்டகையைப் பிரித்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. கீற்றின் குளுமையை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கிற தெருவில் அதை இனிமேல் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் கீற்றுக்கு மட்டை தந்த எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதையும் பார்த்தாயிற்று.

இப்போது மாடிகளில் பச்சை வலை, பாலிகார்பனேட், சாயம் அடித்த தகரம். எதை வேண்டுமானாலும் போடுங்கள். வலையென்றால் ஐப்பசிக்கு முன் அவிழ்த்து மடித்து வையுங்கள். தகரமென்றால் சரிவு வையுங்கள், சுவருக்கும் கூரைக்கும் நடுவே சூடு வெளியேறக் காற்றுக்கு வழி விடுங்கள். எதுவானாலும் தளத்தில் மட்டும் துளை போடாதீர்கள்.