பேக்கனும் ஒரு தூக்குப்போசியும்



போன ஞாயிற்றுக்கிழமை என் காலைச் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். ஒரு முட்டை, இரண்டு ரொட்டித் துண்டு, பக்கத்தில் முறுகிச் சுருண்ட இரண்டு பட்டைகள். "சார், அது என்ன, வத்தலா?" என்று பழைய மாணவி ஒருவர் கேட்டிருந்தார். "பேக்கன்" என்று பதில் போட்டேன். பத்துப் பேர் இதயக்குறி போட்டார்கள். இன்னொரு நண்பர் விடவில்லை. "பேக்கன் என்றால் எதன் கறி?" என்றார். "பன்றிக்கறி" என்று எழுதினேன். அதற்கு யாரும் எதுவும் போடவில்லை.

ஒரே தட்டு, ஒரே கறி. பெயர் மாறியதும் கூட்டம் கலைந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

61 வயது வரை நான் பன்றிக்கறியைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன், கருவாடு எல்லாம் உண்டு. இது மட்டும் கிடையாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

2019 கோடையில் இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் துணைவியாரும் போயிருந்தோம். அங்கே சனிக்கிழமை காலைச் சமையல் மருமகன் பொறுப்பு. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த என்னை ஒரு வாசனை எழுப்பியது. கருவாடு வறுத்தால் பாதித் தெரு மூக்கைப் பிடிக்கும், மீதித் தெரு தட்டை எடுக்கும் அல்லவா? நான் தட்டை எடுக்கும் ஆள். கீழே இறங்கிப் போனேன். "மாமா, இது பன்றி. பரவாயில்லையா?" என்று மருமகன் தயங்கினார். ஒரு துண்டைக் கையில் எடுத்துக் கடித்தேன். முதலில் முறுகல், அடுத்து உப்பு, அதற்கப்புறம் கொழுப்பு நாக்கில் கரைந்து ஒரு லேசான இனிப்பு. மறுபடி கை நீட்டினேன். அன்று எத்தனை தின்றேன் என்று மகள் இன்னும் எண்ணிக்கை சொல்லிக் கிண்டல் செய்கிறாள்.

தின்றால் போதுமா? செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அடுப்பு என் கைக்கு வந்தது. மருமகன் சொல்லித்தந்த முதல் பாடம், சட்டியைச் சூடு பண்ணக் கூடாது. குளிர்ந்த சட்டியில் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். சிறு தீயில் கொழுப்பு தானாக உருகி வெளியே வரும். அந்தக் கொழுப்பிலேயே கறி முறுகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடுவில் சவசவவென்று நிற்கும். எடுத்த பிறகு சட்டியில் மிஞ்சும் நெய்யில் முட்டையை உடைத்து ஊற்றினால், அந்த முட்டைக்கு வேறு எதுவும் தேவையில்லை.

இதில் இரண்டு வகை என்பதும் அங்கேதான் தெரிந்தது. பன்றியின் வயிற்றுப் பகுதியிலிருந்து எடுப்பதில் கறியும் கொழுப்பும் வரிவரியாக இருக்கும். முதுகுப் பகுதியிலிருந்து எடுப்பதில் கறி அதிகம். இங்கிலாந்துக்காரர்களுக்கு முதுகு பிடிக்கும். எனக்கு வரி போட்டதுதான்.

ஸ்விண்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் கான் என்ற சிற்றூர். அங்கேயும் ஒருநாள் கூட்டிப்போனார்கள். பேக்கனுக்குப் பேர்போன ஊர் அது. ஒரு காலத்தில் அயர்லாந்துப் பன்றிகளைக் கப்பலில் பிரிஸ்டலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லண்டன் வரை நடத்தியே ஓட்டிப்போவார்களாம். வழியில் அவை இளைப்பாறும் ஊர்களில் கானும் ஒன்று. ஹாரிஸ் என்ற குடும்பம் அங்கே கறிக்கடை வைத்து, பின்பு உப்பூட்டும் தொழிற்சாலை கட்டி, ஊரையே வளர்த்தது. 1982இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 ஜனவரியில் இங்கிலாந்தில் ரேஷன் தொடங்கியபோது முதலில் பட்டியலில் வந்தவை வெண்ணெய், சர்க்கரை, பேக்கன். அந்த மக்களுக்கு அது அவ்வளவு முக்கியம்.

ஒரு நாள் காலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு, ரொட்டிக்கு நடுவில் பேக்கன் வைத்து மதிய உணவு டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "தாத்தா, உங்க ஸ்கூல்ல யாராவது பன்னிக்கறி கொண்டு வருவாங்களா?"

"இல்லை கண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு டப்பா மூடி கையிலேயே நின்றுவிட்டது. நான் சொன்னது பொய்.

1984. சேலம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஆசிரியர் பயிற்சி முடித்து, இடைநிலை ஆசிரியராக எனக்குக் கிடைத்த முதல் பள்ளி. எனக்கு 26 வயது. நான்காம் வகுப்பில் ஒரு பையன். பண்டிகைக்கு மறுநாள், சத்துணவுச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து தூக்குப்போசியில் கறி கொண்டுவந்திருந்தான். மூடியைத் திறந்ததும் வரிசையில் பக்கத்தில் இருந்தவன் எழுந்துவிட்டான். "சார், இவன் பன்னிக்கறி கொண்டாந்திருக்கான் சார்!" தாழ்வாரத்தில் பாதி வரிசை எழுந்தது. அவன் எந்தத் தெருப் பையன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் திட்டவில்லை, அடிக்கவில்லை. மென்மையாகத்தான் சொன்னேன்: "நீ போய் அந்த மரத்தடியில உக்காந்து சாப்பிட்டுட்டு வாப்பா." அவன் தட்டையும் போசியையும் எடுத்துக்கொண்டு போனான். மற்ற பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பிரச்சினையைப் பக்குவமாகத் தீர்த்துவிட்டதாக அன்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் வீட்டிலிருந்து எதையும் கொண்டுவந்து நான் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் நாக்கு சும்மா இருக்கவில்லை. சேலத்தில் ஒரு பெரிய கடையில் உறைய வைத்த பேக்கன் பொட்டலம் கிடைத்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெருமையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் துணைவியார் அசைவம் சாப்பிடுவார், இது மட்டும் தொடமாட்டார். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேக்கன்னா வீட்டுக்குள்ள வருது. பன்னிக்கறின்னா வாசல்லயே நின்னுருக்கும் இல்ல?" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு மரத்தடி ஞாபகம் வந்தது.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்தேன். இரண்டு நாளில் தகவல் வந்தது. அவர் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையும் போடுகிறார் என்றார்கள். 2020 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, பஸ் ஏறிப் போனேன். கடைக்கு முன்னால் நல்ல கூட்டம். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார், உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி எடுத்தாராம். வளர்ப்பது பெரிய வெள்ளை யார்க்‌ஷைர். பேரைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. நான் கடல் தாண்டிப் போய்த் தின்றுவிட்டு வந்த நாட்டின் இனம்.

கூட்டம் குறைந்ததும் சொன்னேன். "அன்னைக்கு உன்னை மரத்தடிக்கு அனுப்புனேனே, அது தப்புப்பா."

கத்தியைக் கீழே வைத்தார். மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"மரத்தடி நிழலாத்தான் சார் இருந்துச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கம்மா சாயங்காலம் கேட்டுச்சு சார், கூட்டாளிங்க எல்லாம் சாப்பிட்டாங்களான்னு. எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க, சாரும் நல்லா இருக்குன்னாருன்னு சொல்லிட்டேன். அடுத்த வருசம் பண்டிகைக்குப் பெரிய போசில குடுத்துச்சு. சாருக்கும் சேர்த்துத்தான். வாய்க்கால்கிட்ட உக்காந்து முடிஞ்ச வரைக்கும் தின்னுட்டு, மிச்சத்தைக் கொட்டிட்டு, போசியைக் கழுவிட்டு வந்தேன்."

"அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க சார். போயி எட்டு வருசம் ஆச்சு."

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. 33 வருடம் பாடம் நடத்திய வாய்.

கிளம்பும்போது, வயிற்றுப் பகுதியில் கறியும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருப்பதில் ஒரு கிலோ கேட்டேன். காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

அதில்தான் முதன்முதலாக நானே பேக்கன் போட்டேன். கேட்பவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். ஒரு கிலோ கறிக்கு 30 கிராம் உப்பு, 15 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு கைப்பிடி மிளகு இடித்தது. எல்லாப் பக்கமும் அழுத்தித் தேய்த்து, காற்றுப் புகாத பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 7 நாள். தினமும் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். வெளியே வைக்கவே கூடாது. எட்டாம் நாள் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு நாள் ஃபிரிட்ஜிலேயே திறந்து வைத்து, மெல்லியதாக நறுக்க வேண்டும். கடைச் சரக்கு இளஞ்சிவப்பாக இருக்கக் காரணம் அதில் சேர்க்கும் சோடியம் நைட்ரைட். அது கிருமியையும் தடுக்கும். நான் அதைச் சேர்ப்பதில்லை. அதனால் நிறம் மங்கல், சில நாளில் தீர்த்துவிட வேண்டும். பன்றிக்கறி எப்போதும் நன்றாக வேக வேண்டும், அரைவேக்காடு ஆகாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உப்பூட்டிப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றும் சொன்னது. எனக்கு ரத்தக் கொதிப்பும் உண்டு. ஆகவே எப்போதாவது ஒரு ஞாயிறு, இரண்டே பட்டை. அதை மெதுவாகத் தின்பேன்.

அடுத்த முறை போகும்போது நான் போட்ட பேக்கனை எடுத்துப்போனேன். அவர் வீட்டு அடுப்பில், குளிர்ந்த சட்டியில் வைத்து, நானே வறுத்துக் கொடுத்தேன். மென்று பார்த்தார். "உப்புக்கண்டம் மாதிரி இருக்குங்க சார். உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார். என் விடைத்தாளை என் மாணவர் திருத்தினார். சரியாகத்தான் திருத்தினார். இப்போது 25 கிராம்தான் போடுகிறேன். அன்று அவர் வீட்டில் வைத்த பன்றிக்கறிக் குழம்பையும் சாப்பிட்டேன், அம்மாவின் பக்குவம் என்றார். இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். நல்லா இருக்கு என்று சொன்னேன். 36 வருடம் தாமதம்.

எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்பது அவரவர் விருப்பம். என் துணைவியார் இன்றும் தொடுவதில்லை. எனக்குத் தனிச் சட்டி, கழுவுவதும் நானே. அதில் எங்களுக்குள் சண்டை இல்லை. சாப்பிட உட்கார்ந்த பிள்ளையை எழுப்பி அனுப்புவதுதான் தப்பு. அதை மென்மையான குரலில் செய்தாலும் தப்புதான்.

இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. உங்கள் தாழ்வாரத்திலும் ஒருநாள் யாரோ ஒரு பிள்ளை எழுந்து நின்று "சார், இவன் கொண்டாந்திருக்கான்" என்று சொல்லும். அப்போது போசி கொண்டுவந்த பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். சாப்பிட வேண்டும் என்று இல்லை. உட்கார்ந்தால் போதும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு படம் போடுவேன். இந்த முறை கீழே "பன்றிக்கறி" என்றே எழுதிப் போடுகிறேன்.