அப்பாவுக்கு எத்தனை வயதில் வந்தது?

இதயநோயை எங்கள் வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்லமாட்டார்கள். 49 வயதில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கும் தம்பிக்கும் அம்மா சொன்னது, "அது வாய்வு". உண்மை தெரியவர ஆறு வருடமாயிற்று.

போன மாதம் லண்டனில் என் வைத்தியர் 'கியூரிஸ்க்' என்ற கணிப்பானில் என் விவரங்களைப் பதிந்தார். பத்து ஆண்டுகளுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பை அது சதவீதத்தில் சொல்லும். அதில் இனமும் கேட்பார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் என்று தனித்தனியாக உண்டு. ஈழத்தமிழர் நாங்கள் 'பிற ஆசியர்'.

இனம் எதற்கு? பழைய கணிப்பான்கள், 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 5,209 பேருடன் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தவை. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். தெற்காசியரின் ஆபத்தை அவை குறைத்தே காட்டின. தரவில் இல்லாதவர்களுக்கு மென்பொருள் சரியான விடை சொல்லாது. என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான்.

அடுத்த கேள்வி: பெற்றோர், சகோதரரில் யாருக்காவது 60 வயதுக்கு முன் இதயநோய் வந்ததா? "ஓம்" என்றேன். சதவீதம் ஏறியது. அம்மா மறைத்தது எங்கள் மீதுள்ள அன்பினால்தான். ஆனால் அந்த 'வாய்வு' கதையையே நம்பியிருந்தால் "இல்லை" என்றிருப்பேன்.

இங்கிலாந்தில் பொதுப் பரிசோதனைக்கு 40 வயதில்தான் அழைப்பார்கள். அதுவரை காத்திருக்காதீர்கள். வீட்டில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். தம்பிக்கு இப்போது 29. அவனையும் கூட்டிப்போகிறேன்.