மாசியில் ஊன்றும் கிழங்குகள்

ரோஜாச் செடியைப் பூவோடு பார்த்து வாங்கலாம். பூக்கிழங்கு வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நர்சரிக்காரர் சாக்கை விரித்துக் காட்டுவார்; மண் ஒட்டிய, தோல் காய்ந்த உருண்டைகள் கிடக்கும். எது சிவப்பு, எது வெள்ளை என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. ஆனாலும் மாசி பிறந்துவிட்டால் நான் போய் நிற்பது அந்தச் சாக்குக்கு முன்னால்தான். பனி விலகியும் விலகாமலும் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. உறக்கத்திலிருக்கும் கிழங்கைச் சென்னை மொட்டை மாடியில் ஊன்ற இது தோதான நேரம்.

கிழங்கைக் கையில் எடுத்துத்தான் வாங்க வேண்டும். உருவத்துக்கேற்ற கனம் இருக்கிறதா, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காமல் நிற்கிறதா, அடிப்பக்கம் பூசணம் பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரிய கிழங்குக்கு விலை கூட்டிச் சொன்னால் பேரம் பேசாதீர்கள். அமரில்லிஸ் என்று கடைகளில் விற்கிற ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்கை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், செதில்களுக்கு நடுவே பூமொட்டு ஏற்கெனவே உருவாகியிருப்பது தெரியும். நாலு இலைக்கு ஒரு பூந்தண்டு என்பது அந்தச் செடியின் கணக்கு. போன வருடம் எத்தனை இலை விட்டு எவ்வளவு வெயில் வாங்கியதோ, அதுதான் இந்த வருடம் பூவாக வருகிறது. ஆகவே முதல் கோடையில் பூத்ததைக் காட்டி நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அது முன்பு வளர்த்தவரின் உழைப்பு. நம் லட்சணம் இரண்டாம் வருடம் தெரிந்துவிடும்.

டூலிப் பக்கம் நான் போகாததற்கும் இதுதான் காரணம். மூன்று மாதமாவது நல்ல குளிரில் கிடந்தால்தான் டூலிப் கிழங்கு ஒழுங்காகத் தண்டு விட்டுப் பூக்கும். ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத் தோட்டத்தில் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அது பூத்துக் கிடக்கிறதென்றால் அது காஷ்மீர்க் குளிர் செய்யும் வேலை. இங்கே, குளிரூட்டிப் பதப்படுத்திய கிழங்கை நட்டால் ஒருமுறை பூக்கலாம். அத்தோடு சரி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். டூலிப்பை ஏமாற்ற அது போதாது.

நம் வெயிலுக்கு ஃபுட்பால் லில்லிதான் என் முதல் சிபாரிசு. ஆப்பிரிக்கச் செடி, வெக்கை அதற்குப் பிறந்த வீடு. கார்த்திகை, மார்கழி வாக்கில் இலை பழுத்து மண்ணுக்குள் அடங்கிவிடும். பிறகு ஊரே வதங்குகிற மே மாதத்தில், தடித்த தண்டு ஒன்று கிளம்பி, சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள் பந்தாக விரியும். ஒரு வாரம் நின்றால் அதிகம். அதன்பின் மழைக்காலம் வரைக்கும் வெறும் இலைதான். இதற்கா ஒரு தொட்டியை அடைத்து வைத்திருக்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், இதற்குத்தான்.

மணம் வேண்டும் என்பவர்களுக்குச் சம்பங்கி. வயலுக்கு ஜூன், ஜூலை நடவைத்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. தண்ணீருக்குக் குறைவில்லாத வீட்டுத் தொட்டியில் மாசியிலும் வைக்கலாம். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பொறுக்குங்கள். மூன்று மாதம் போலக் காத்திருந்தால் பூ வரும். ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது; பக்கத்தில் விட்ட குட்டிகள்தான் பூக்கும். அடுக்கு வகை ஜாடியில் வைக்க அழகு. எனக்கு ஒற்றைதான் பிடிக்கும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘பிரஜ்வல்’ அந்த வகை. மொட்டில் லேசான இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை.

ஊன்றுவதில் பெரிய வித்தை இல்லை. செம்மண்ணில் மணலும் மட்கிய உரமும் கலந்து, தண்ணீர் தேங்காதபடி தொட்டியை நிரப்ப வேண்டும். சம்பங்கியை மண்ணுக்குள் மூடலாம். அமரில்லிஸின் கழுத்து வெளியே தெரிய வேண்டும். ஃபுட்பால் லில்லிக்கு நுனி மண்மட்டத்தில் நின்றால் போதும். முதல் நாள் ஒரு தண்ணீர் விட்டபின், முளை தெரியும்வரை மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தெளித்தால் போதும். கிழங்கைக் கொல்வது வறட்சியல்ல, தினம் தண்ணீர் ஊற்றுகிற பாசம்தான்.

பூ உதிர்ந்ததும் இலை பார்க்க நன்றாக இல்லை என்று கத்தரிக்காதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கு அதுதான் சமையல்கட்டு. தானாகப் பழுத்து விழட்டும். இன்னொன்று: அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி இரண்டின் கிழங்கிலும் விஷம் உண்டு. பார்வைக்கு வெங்காயம் மாதிரியே இருக்கும். வாங்கி வந்ததை அடுக்களைக் கூடைப் பக்கம் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் நாய், பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.