மறைக்கல்வியும் தமிழும்

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு மறைக்கல்வி நூல். வெறும் 16 பக்கம். முத்துக்குளித்துறை மக்கள் விசுவாசத்தைத் தங்கள் மொழியிலேயே கற்க வேண்டும் என்று அந்நூலைத் தந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழ் படித்தார், இலக்கணமும் எழுதினார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மறைப்பணியாளர் சீகன்பால்குவும் தமிழைக் கற்றுக்கொண்டுதான் போதித்தார்.

இன்று எங்கள் ஞாயிறு வகுப்பில் பல பிள்ளைகள் தமிழ் ஜெபத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து ஒப்பிக்கிறார்கள். மனப்பாடம் பிசகுவதில்லை. கேள்விதான் வருவதில்லை. புரியாததைப் பற்றிப் பிள்ளை என்ன கேட்கும்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாம்தான்.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் நற்செய்தியை எழுத்துக்கூட்டி வாசிக்கவைக்கலாமா என்று பங்கில் கேட்டிருக்கிறேன். பெற்றோர் யாராவது கூட வந்து உட்கார முடியுமா?