குளிரடுக்கைத் தேடும் படகு

மிச்சிகன் ஏரியை முதல்முறை பார்க்கிறவர்கள் கடல் என்றே நினைப்பார்கள். மறுகரை தெரியாது. அலை அடிக்கும், கப்பல் போகும், கலங்கரை விளக்கம் நிற்கும்; உப்பு மட்டும்தான் இல்லை. பரப்பு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். இந்த நன்னீரில் பத்து கிலோவைத் தாண்டும் சினூக் சால்மன்கள் திரிகின்றன. 2021 ஆகஸ்டில் லுடிங்டன் அருகே பிடிபட்ட ஒன்று 47.86 பவுண்டு, அதாவது 21 கிலோவுக்கு மேல். 1978 முதல் நின்றிருந்த மாநிலச் சாதனையை அது முறியடித்தது. இத்தனை பெரிய நீர்ப்பரப்பில் அந்த மீன் எந்தத் திசையில், எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கணித்து, மெல்ல ஓடும் படகுக்குப் பின்னால் போலி இரையை இழுத்துப்போய் அதன் முன்னால் காட்டும் வேலைதான் டிரோலிங். வலை கிடையாது. முழுக்க முழுக்கத் தூண்டில்.

ஒரு படகை இந்த வேலைக்கு எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆகஸ்ட் மாதம் லுடிங்டன் போயிருந்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள சிறிய துறைமுக ஊர் அது. பியர் மார்கெட் ஆறு அங்கேதான் ஏரியில் சேர்கிறது. ஆற்றில் ஏறி முட்டையிடுவதற்காகக் கோடைக் கடைசியில் சால்மன்கள் முகத்துவாரத்துக்கு வெளியே வந்து கூடும். வாடகை மீன்பிடிப் படகுக்காரர்கள் வருடம் முழுக்கக் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்காகத்தான்.

நான் ஏறிய படகில் வேலைக்கு இரண்டு பேர். கேப்டன் அறுபதைத் தாண்டியவர். கடலோரக் காவல்படையின் உரிமம் வாங்கியவர். அந்த உரிமத்தில் ஆறு பயணிகள் வரை ஏற்றிப் போகலாம். அவருக்கு உதவியாக ஓர் இளைஞர். இந்த வேலைக்காரரை அங்கே ‘மேட்’ என்பார்கள். கோடையில் காலை ஒரு நடை, பிற்பகல் ஒரு நடை என்று படகு போகும். பயணிகள் இறங்கும்போது கொடுக்கும் அன்பளிப்புதான் மேட்டின் வருமானத்தில் பெரும்பகுதி. இரை மாட்டுவது, நூல் விடுவது, மீனை வலைக்கரண்டியில் ஏந்துவது, கடைசியில் மீனை அறுத்துக் கொடுத்துத் தளத்தைக் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு.

விடிய இன்னும் நேரம் இருந்தது. துறையில் விளக்கு வெளிச்சத்தில் மேட் கோல்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மிச்சிகனில் ஆளுக்கு மூன்று தூண்டில் வரை போடலாம். பயணிகள் நாங்கள் நான்கு பேர். ஆகப் பன்னிரண்டு கோல்கள். ஒரே படகிலிருந்து பன்னிரண்டு நூல்கள் நூறு, இருநூறு, முந்நூறு அடி நீளத்துக்குப் பின்னால் போக வேண்டும். ஒன்றோடொன்று சிக்கவே கூடாது. தறியில் பாவு நூல்களைப் பிரித்து நிறுத்துவது போன்ற வேலை இது. தறி அசையாமல் நிற்கும். இங்கே காற்றும் அலையும் நீரோட்டமும் சேர்ந்து இழுக்கும்.

அதற்காக நீரை அகலவாக்கிலும் ஆழவாக்கிலும் பங்கு போடுகிறார்கள். படகின் பின்விளிம்பில் நான்கு டவுன்ரிகர்கள். கம்பி சுற்றிய உருளை, குட்டையான ஒரு கை, கம்பியின் நுனியில் ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள ஈயக்குண்டு. தூண்டில் நூலைக் குண்டின் அருகே ஒரு பிடிப்பானில் கவ்வவைத்துக் குண்டை இறக்குவார்கள். எத்தனை அடி இறங்கியது என்பதை எண்காட்டி சொல்லும். நூலை இறுக்கிச் சுற்றுவதால் கோல் வில்லாக வளைந்து நிற்கும். மீன் கடித்ததும் பிடிப்பான் நூலை விட்டுவிடும். கோல் துள்ளி நிமிரும். குண்டு கீழேயே நிற்க, மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே வெறும் நூல் மட்டும் இருக்கும். ஐம்பது அடி, நூறு அடி ஆழத்துக்கு இரையைத் துல்லியமாகக் கொண்டுபோக இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

டவுன்ரிகர்களுக்கு அடுத்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ‘டிப்சி’கள். உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் வட்டுகள் இவை. அடியில் எடை உண்டு. படகு இழுக்கும்போது வட்டு நீரை வெட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும். அடித்தட்டைத் திருப்பி வைத்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கியும் ஓடும். அதற்கும் வெளியே, பக்கத்துக்கு இரண்டாக, ஈயம் அல்லது செம்பு நூல்கள். ஈயக்கம்பியை உள்ளே வைத்துப் பின்னிய நூலில் பத்து கஜத்துக்கு ஒரு நிறம் இருக்கும். எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று எண்ணியே ஆழத்தைக் கணக்கிடுவார்கள். வழக்கமான வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஐந்து அடி ஆழம். செம்புக்கம்பி இன்னும் கனம். முந்நூறு அடி விட்டால் அறுபது, எழுபது அடி இறங்கும். இந்த நூல்களை ‘பிளேனர்’ என்னும் மிதவைப் பலகைகளில் மாட்டுகிறார்கள். பலகை நீரின் மேலேயே ஓடி, நூலைப் படகிலிருந்து வெகுதூரம் பக்கவாட்டில் இழுத்துப்போய் நிறுத்தும்.

வெளியே போகப்போக ஆழம் குறைய வேண்டும் என்பது மேட் சொன்ன முதல் விதி. வெளி நூலில் மீன் விழுந்து பின்னால் வரும்போது, உள்நூல்கள் அதற்குக் கீழே ஆழத்தில் இருப்பதால் மீன் அவற்றின் மேலாகக் கடந்து வந்துவிடும். விதி தவறினால் ஒரே மீன் நாலைந்து நூல்களை முடிச்சுப்போட்டுவிடும். பிறகு அரை மணி நேரம் கத்திரிக்கோலோடுதான் வேலை.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் கேப்டன் பார்த்தது வானத்தை அல்ல, ஒரு சிறிய திரையை. டவுன்ரிகர் குண்டுக்குச் சற்று மேலே கட்டியிருந்த கருவி ஆழத்திலிருந்து இரண்டு எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது: நீரின் வெப்பநிலை, அங்கே இரை நகரும் வேகம். கோடையில் இந்த ஏரி அடுக்கடுக்காகப் பிரியும். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர். நடுவில் சில அடிகளுக்குள் வெப்பநிலை சட்டென்று சரியும் அடுக்கு ஒன்று. சினூக்குக்குப் பிடித்தது 50 முதல் 55 ஃபாரன்ஹீட் வரை, அதாவது 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஆகவே அந்த அடுக்கையும் அதற்குக் கீழேயும் தேடுவார்கள். அடுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. வாடைக்காற்று ஓரிரு நாள் விடாமல் அடித்தால் மேல்நீர் கரையை விட்டு விலகும். அடியிலிருந்து குளிர்நீர் கரையோரமாக மேலேறும். நேற்று நூறு அடியில் இருந்த குளிர் இன்று முப்பது அடியில் இருக்கும், மீனும் அதோடு ஏறி வந்திருக்கும். நேற்றைய மீன்பாட்டை நம்பி அதே ஆழத்தில் நூல் விடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

வேகத்திலும் இதே நுணுக்கம் உண்டு. மணிக்கு இரண்டு மைலிலிருந்து இரண்டே முக்கால் மைல் வரைதான் படகு போகும். மேலே படகு ஒரு வேகத்தில் போகும்; அடியில் நீரோட்டம் எதிராகவோ கூடவோ ஓடுவதால் இரை வேறு வேகத்தில் போகும். தகரம் போல மெல்லிய ஸ்பூன் இரை ஒரு வேகத்தில் காயம்பட்ட மீன் போல நெளியும். கொஞ்சம் கூடினால் சுழலும், குறைந்தால் செத்துத் தொங்கும். ‘ஃபிளாஷர்’ என்னும் பளபளப்பான தட்டையும் அதற்குப் பின்னால் ஓர் இழைக்குஞ்சத்தையும் மாட்டும்போதும் அப்படியே: தட்டு ஒழுங்காகச் சுற்றினால்தான் குஞ்சம் துடிக்கும். வெளிச்சம் வரும் முன், இருட்டில் ஒளிரும் பூச்சுள்ள இரைகளுக்கு மேட் விளக்கடித்து நீரில் விட்டார்.

படகைத் திருப்புவதும் மீன் தேடும் வழிதான். திரும்பும்போது உட்பக்க நூல்கள் வேகம் குறைந்து தாழும்; வெளிப்பக்க நூல்கள் வேகமெடுத்து உயரும். எந்தப் பக்கம் மீன் கடிக்கிறது என்று பார்த்தால், வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா, இரையை ஏற்றுவதா இறக்குவதா என்று தெரிந்துவிடும். அன்று வெளிப்பக்க டிப்சிதான் முதலில் குலுங்கியது. “ஃபிஷ் ஆன்!” என்று மேட் கத்தி முடிக்கும் முன் ரீல் அலறத் தொடங்கியது. கேப்டன் மறுவார்த்தை பேசாமல் வேகத்தைச் சற்றே கூட்டினார். அடுத்த ஒரு மணி நேரத்தில் மற்றக் கோல்களும் ஒவ்வொன்றாக வளைந்தன.

கோலைக் கையில் வாங்கியவருக்கு அவர்கள் சொல்வது சுருக்கம்: நுனியைத் தாழ்த்தாதீர்கள், ஓடும்போது ஓட விடுங்கள், நின்றால் சுற்றுங்கள். பெரிய சினூக் ஒரே ஓட்டத்தில் நூறு கஜத்துக்கு மேல் நூலை உருவிக்கொண்டு போகும். படகருகே வந்து சோர்ந்தது போலத் தெரியும். வலைக்கரண்டியைக் கண்டதும் மறுபடியும் ஓடும். பல மீன்கள் தப்புவது இந்தக் கடைசி நிமிடத்தில்தான். மேட் வலையைத் தண்ணீரில் வீசித் துழாவவில்லை. தலை வலையின் வாய்க்கு நேரே வரும்வரை பொறுத்திருந்து, ஒரே அசைவில் ஏந்தினார். பொறுமைதான் அவருடைய கைத்திறன் என்று எனக்குப் பட்டது.

மீனைப் பனிக்கட்டிப் பெட்டியில் போடும் முன் அவர் ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்தார். வாலுக்குச் சற்று முன்னால் சால்மனுக்குச் சதைப்பற்றான சிறு துடுப்பு ஒன்று உண்டு. அது வெட்டப்பட்டிருந்தால் பண்ணையில் பிறந்து ஏரியில் விடப்பட்ட மீன். முழுதாக இருந்தால் பெரும்பாலும் ஆற்றில் தானாகப் பிறந்தது. வெட்டப்பட்ட மீனின் மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவில் எண் பொறித்த கம்பித்துண்டு இருக்கும். அதன் தலையைத் தனியாக எடுத்து ஆய்வுக்குக் கொடுப்பார்கள். எந்த ஆண்டு, எந்த இடத்தில் விடப்பட்டது என்று அதிலிருந்து தெரியும். இந்த ஏரியின் சினூக்குகளில் பாதிக்கு மேல் இயற்கையாகப் பிறந்தவை என்பது இப்படித்தான் தெரியவந்தது.

சினூக் பசிபிக் கடலின் மீன். அது இங்கே வந்த கதை மனிதர்கள் எழுதியது. கப்பல் கால்வாய்கள் வழியாக, பிற மீன்களில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரே உள்ளே நுழைந்தது. மிச்சிகன் ஏரியில் அது முதலில் காணப்பட்டது 1936இல். ஏரியின் சொந்தப் பெருமீனான லேக் டிரவுட்டை அது ஏறக்குறைய துடைத்தழித்தது. தின்ன ஆளில்லாமல் போனதால் ஏல்வைஃப் என்னும் சிறுமீன் பெருகி, 1967 கோடையில் கரையெங்கும் செத்துக் குவிந்தது. மிச்சிகன் மாநில மீன்வளத் தலைவராக 1964இல் பொறுப்பேற்ற ஹோவர்ட் டேனர், இதற்கு முன்பே அந்தச் சிறுமீனைத் தின்னப் பசிபிக் சால்மனை விடலாம் என்று துணிந்தார். 1966இல் கோஹோ சால்மன், 1967இல் சினூக். மீன் மளமளவென்று வளர்ந்தது, ஊர்கள் எழுந்தன. கூடவே துயரமும் வந்தது: 1967 செப்டம்பர் 23 அன்று ஏரியின் பிளாட் விரிகுடாவில் திடீரென எழுந்த புயலில் மீன்பிடிச் சிறுபடகுகள் கவிழ்ந்து ஏழு பேர் இறந்தார்கள். முன்னறிவிப்பைக் கேட்காமல் எந்தக் கேப்டனும் இன்று துறையை விட்டுக் கிளம்புவதில்லை.

இந்த நுட்பமெல்லாம் ஒரு சிறுமீனை நம்பியிருக்கிறது. சினூக் தின்பது பெரும்பாலும் ஏல்வைஃப் மட்டுமே. பக்கத்து ஹூரான் ஏரியில் 2003, 2004 வாக்கில் ஏல்வைஃப் சரிந்தது. சினூக்கும் சரிந்தது, துறைகளில் வாடகைப் படகுகளும் ஓய்ந்தன. மிச்சிகன் ஏரியிலும் குவாகா சிப்பிகள் நீரை வடிகட்டி நுண்ணுயிர்களைத் தின்று தீர்ப்பதால் சிறுமீனுக்கு இரை குறைந்துவருகிறது. அதனால் 2013இல் ஏரி முழுவதும் விடப்படும் சினூக் குஞ்சுகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். மீனை நம்பிப் பிழைப்பவர்கள் மீன் விடுவதைக் குறைக்கச் சம்மதிப்பது எளிதல்ல. கேப்டனிடம் கேட்டேன். ஹூரான் கரையில் தொழிலை விட்ட படகுக்காரர்களைத் தமக்குத் தெரியும் என்றும், குறைவான மீன் கொழுத்து வளர்வது பல மீன் பட்டினி கிடப்பதைவிட மேல் என்றும் நிதானமாகச் சொன்னார்.

கரைக்குத் திரும்பியதும் மேட் ஊரின் பொது மீன் சுத்தம் செய்யும் மேடையில் கத்தியோடு நின்றார். வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் அகற்றிவிட்டே சதையைக் கொடுத்தார். இந்த ஏரிகளின் பெரிய மீன்களில் பிசிபி என்னும் தொழிற்சாலை நஞ்சு கொழுப்பில்தான் சேர்கிறது. ஒரு மீனின் விலாவில் லாம்ப்ரே கடித்த வட்ட வடு இருந்தது. ஆறுகளில் லாம்ப்ரே குஞ்சுகளைக் கொல்லும் மருந்தை 1958 முதல் விட்டுவருகிறார்கள். நிறுத்தினால் அது மறுபடியும் பெருகிவிடும்.

கருவியும் கைத்திறனும் மட்டும் ஒரு மீன்பிடித் தொழிலைக் காப்பாற்றுவதில்லை. எவ்வளவு மீன் இருக்கிறது, அது எதைத் தின்று வாழ்கிறது என்ற கணக்கைத் தொழில் செய்கிறவர்களே தங்கள் கணக்காக ஏற்றுக்கொண்டால்தான் தொழில் நிற்கும். லுடிங்டனில் அதைக் கண்ணால் பார்த்தேன். சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த ஊர் நான்கு மணி நேரக் கார்ப் பயணம். ஒருமுறை போய்ப் படகேறுங்கள். மேட் நூல் விடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், அவருக்கு உரியதைக் கை நிறையக் கொடுங்கள். நீங்கள் பிடித்த மீனின் முதுகில் அந்தச் சிறு துடுப்பு வெட்டப்பட்டிருந்தால், தலையைக் குப்பையில் போடாமல் ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.