பல்லும் வேரும்

சின்னக்கானல் மலையில் தேயிலைக்கும் ஏலத்திற்கும் நடுவே வளர்ந்த எங்களுக்குப் பல்வலிக்குத் தெரிந்த மருந்து இரண்டே: ஒன்று கிராம்பு, மற்றொன்று குறடு. போடிமெட்டு வழியே போடிநாயக்கனூருக்கு இறங்கிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு மாலையில் திரும்பிவிடலாம். ஒரு நாள் கூலியோடு ஒரு பல்லும் போகும். எங்கள் அப்பாவின் கடைவாய் அவ்வாறே காலியாயிற்று.

அம்மாவின் முன்பல்லுக்கும் அக்கதியே நேரவிருந்தது. முன்னரே வேர்ச் சிகிச்சை செய்து உறையிட்ட பல் அது. ஆண்டுகள் சில கழிந்து, ஈறில் கொப்புளம் தோன்றிச் சீழ் கசிந்தது. வலியில்லாமையால் நோயில்லை என்றிருந்தோம். சீழ் வெளியேற வழி கிடைத்தால் வலி அடங்கும். நோயோ உள்ளே எலும்பை அரித்துக்கொண்டிருக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

“பிடுங்கிவிடுங்கள் ஐயா, இன்றோடு போகட்டும்” என்றார் அம்மா.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஒளியில் காட்டினார். “பல் நன்றாகவே இருக்கிறது, அம்மா, வேரின் நுனிதான் கெட்டிருக்கிறது.”

முதல் வழி, வேர்ச் சிகிச்சையை மீண்டும் செய்வது. அது இயலாதபோது, மரத்துப்போக ஊசியிட்டு, ஈறைத் திறந்து, வேர் நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரை வெட்டியெடுத்து, அப்புறத்திலிருந்தே அடைத்துத் தையலிடுவது. கிருமிகள் பதுங்கும் நுண்கிளைகள் பெரும்பாலும் அந்த நுனியிலேதான் உள்ளன. கடைவாய்ப் பல்லில் ஒரு வேர் மட்டும் கெட்டிருப்பின், அதனை மட்டும் நீக்கி மற்றதைக் காப்பதும் உண்டு. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் பிடுங்குவதே வழி.

அம்மா சிரித்தார். “கவாத்தில் நாங்கள் மேலே வெட்டி வேரை விடுவோம்; நீங்கள் வேரை வெட்டி மேலே விடுகிறீர்கள்!”

அறுவை நடந்தது. தையல் பிரிக்கவும் படமெடுக்கவும் நான்கு நாள் கூலி போயிற்று. ஓராண்டு கழித்து எடுத்த படத்தில், குழிந்த இடத்தில் எலும்பு வளர்ந்திருந்தது.

அன்று மலையேறும் பேருந்தில் அப்பாவின் பற்களையே நினைத்தோம். அவற்றுள் எத்தனை காக்கத்தக்கவையோ! பிடுங்கியவர் மேல் குற்றமில்லை. கேளாத அப்பாவின் மேலும் இல்லை. கேட்பதற்கு இன்னொரு நாள் மிச்சமில்லாத வாழ்வு அது.

பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் அந்த அவசரம் இன்னும் குடியிருக்கிறது. குறடு எடுக்குமுன், “இந்த வேரைக் காக்க வழியுண்டா?” என்று ஒருமுறை கேட்போமாக.