பெட்டிக்குள் விழுந்த மூன்று சீட்டுகள்



கடந்த ஜூலை மாதத்தில் எங்கள் ஆலய வாசலில் ஒரு பெட்டி வைத்தேன். பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பிஸ்கட் வந்த தகர டப்பாவின் மூடியில் கத்தியால் ஒரு பிளவு போட்டு, அருகில் கொஞ்சம் துண்டுக் காகிதமும் நூலில் கட்டிய ஒரு பென்சிலும் வைத்தேன். மேலே ‘உங்கள் கருத்துகள்’ என்று எழுதி ஒட்டினேன். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பெருமுக்கலில் ஊழியம் செய்ய வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பேன். எல்லாரும் ஒரே சொற்றொடரைச் சொல்லிச் செல்வார்கள்: “நல்ல செய்தி ஐயா.” நானும் மகிழ்ந்து வீட்டிற்குச் சாப்பிடப் போவேன். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்குக் கடும் காய்ச்சல். குறிப்புத்தாள்கள் கலந்துபோனதை அறியாமல், முந்தைய வாரச் செய்தியின் பின்பாதியை அந்த வாரத்தின் முன்பாதியோடு சேர்த்துப் பிரசங்கித்துவிட்டேன். தொடங்கியது ஒரு பொருள், முடிந்தது வேறொன்று. அன்றைக்கும் வாசலில் அதே சொல்: “நல்ல செய்தி ஐயா.” அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை; அதற்குக் காய்ச்சல் மட்டும் காரணமன்று.

பெட்டியை நான்கு வாரம் திறக்காமல் வைத்திருந்து, பிறகு என் மனைவியோடு மேசையில் அமர்ந்து திறந்தேன். மூன்று சீட்டுகளும் ஒரு பத்து ரூபாய்த் தாளும் இருந்தன. காணிக்கைப் பெட்டி என்று யாரோ எண்ணிவிட்டார்கள் போலும். முதல் சீட்டில், பெண்கள் பக்கத்து மின்விசிறி சத்தம் போடுகிறது என்றிருந்தது. இரண்டாவதில் எழுத்தே இல்லை. ஒரு குழந்தை ஆட்டுக்குட்டி வரைந்திருந்தது. மூன்றாவதில் இவ்வளவுதான்: “முன்பு சொன்னோம். அது போதும்.”

என்ன சொன்னார்கள்? யாரிடம் சொன்னார்கள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே ஒரு வெட்கத்தை அறிக்கையிட வேண்டும். ஜெப விண்ணப்ப நோட்டை எடுத்துவந்து, அதிலுள்ள கையெழுத்துகளோடு அந்தச் சீட்டை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். மனைவி நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினார். “யார்னு கண்டுபிடிச்சிட்டீங்கன்னா அப்புறம் இந்த டப்பாவ அடுப்படிக்கே குடுத்துடுங்க. பருப்பு போட்டு வெச்சிக்கிறேன்” என்றார்.

நம் சனங்களுக்கு எழுதும் பழக்கமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் உண்மையன்று. என் சிறுவயதில் அஞ்சலட்டையில் இலங்கை வானொலிக்கு எழுதாத தெரு எங்கள் ஊரில் கிடையாது. என் அக்காள் எழுதினாள். பள்ளிக்கூடமே போகாத என் தாய்மாமன், அக்காளைக் கொண்டு எழுதுவித்தார். தம் பெயரும் ஊர்ப் பெயரும் கடலுக்கு அப்பாலிருந்து ஒலிக்கக் கேட்பதற்காக வேலையை விட்டுவிட்டு வானொலிப் பெட்டியின்முன் காத்திருந்தார்கள். இந்த மக்கள் எழுதுவார்கள். எனக்கு எழுதவில்லை, அவ்வளவே.

இந்தச் சஞ்சலத்தோடு இருந்த நாட்களில் ஒரு கூட்டத்திற்காகத் தரங்கம்பாடி செல்ல நேர்ந்தது. திண்டிவனத்தில் பேருந்து ஏறி, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று போகும் வழி. கூட்டத்தின் இடைவேளையில் 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திற்குள் சென்று அமர்ந்தேன். சீகன்பால்க் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கி, 1719-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்தவர். அவரோடு உழைத்த கிருண்ட்லரும் மறு ஆண்டே மறைந்து அதே ஆலயத்தில் துயில்கிறார்.

சீகன்பால்க் என்றதும் நமக்கு அச்சுக்கூடமும் 1715-இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் நினைவுக்கு வரும். எனக்கோ அன்று அங்கே அமர்ந்திருக்கையில் வேறொன்று நினைவில் வந்தது. அவர்கள் இருவரும் செய்த, நாம் அதிகம் பேசாத ஒரு காரியம். 1712-க்கும் 1714-க்கும் இடையில், அவர்கள் தங்கள் மார்க்கத்தைச் சேராத தமிழரிடம் கடிதம் மூலம் கேள்விகள் கேட்டுப் பதில் எழுதும்படி வேண்டினார்கள். உங்கள் தெய்வங்கள் யார், பிள்ளைகளுக்கு எப்படிக் கல்வி தருகிறீர்கள், எங்களைக் குறித்தும் எங்கள் மார்க்கத்தைக் குறித்தும் என்ன நினைக்கிறீர்கள் என்று, ஒவ்வொன்றும் இன்னதென்று குறித்த கேள்விகள். பதில்கள் வந்தன. அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். 1714-இல் 55 கடிதங்களும் 1717-இல் 44 கடிதங்களுமாக மொத்தம் 99 அச்சேறின. தமிழ் மூலங்கள் இன்று இல்லை. நம் முன்னோர் தமிழில் எழுதியதை நாம் ஜெர்மன் வழியாகவே அறிகிறோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே இருக்கிறது.

அந்தப் பதில்களில் வந்தது என்ன தெரியுமா? புகழ்ச்சி அன்று. நீங்கள் பசுவைக் கொன்று தின்கிறீர்கள், மதுவருந்துகிறீர்கள், உடல் சுத்தம் பேணுவதில்லை, இப்படியிருக்க உங்கள் மார்க்கத்தை நாங்கள் ஏன் மதிக்க வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியது கோட்டையும் பீரங்கியும் உடைய வெள்ளையரின் குருமாருக்கு! இவர்களோ அதைக் கிழித்துப் போடாமல், மொழிபெயர்த்து, தங்களுக்குப் பணம் அனுப்பும் மக்கள் வாசிக்கும் அறிக்கையிலேயே போட அனுப்பினார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள் என்றல்ல. அடிக்குறிப்பில் மறுத்தும் எழுதினார்கள். ஆனால் மறுப்பு அடியில் நின்றது, பதில் மேலே நின்றது. அச்சில் எழுதியவர்களின் பெயர்களும் இல்லை. அவற்றில் பலவற்றை எழுதியவர் அவர்களிடம் மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பன் என்று பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். அதுவும் ஊகித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களுக்கு ஏன் பதில் வந்தது என்று யோசித்தேன். கேட்பதற்கு முன்னே சீகன்பால்க் மாணவனாயிருந்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் அமர்ந்து, விரலால் எழுத்துக் கற்றவர். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்து, 1708-இலேயே அவற்றிற்கு ஒரு பட்டியலும் எழுதியவர். இந்த மனிதனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கடிதங்களையும் துணையாகக்கொண்டு அவர் 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து ஒரு பெருநூல் எழுதினார். அதை அச்சிட ஹாலேயில் மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கேட்டார்கள். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சானது. அதாவது, தமிழர் சொன்ன பதிலைக் காதுகொடுத்துக் கேட்ட மனிதருக்கு அவருடைய சொந்தச் சபையில் கேட்க ஆளில்லாமற்போயிற்று, 154 ஆண்டுகள்!

அங்கே அமர்ந்திருக்கையில்தான் அந்த மூன்றாவது சீட்டு எனக்குத் திறந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் ஒரு தாயார், ஒரு மாலைப்பொழுதில் எங்கள் வீட்டு வாசற்படியில் அமர்ந்து என்னிடம் ஒன்று சொன்னார். என்னவென்று எழுதமாட்டேன். அழுதுகொண்டு சொன்னார், நானும் ஜெபித்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, பிரசங்கத்திற்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டபோது, “நம் சபையிலே ஒரு தாய்…” என்று தொடங்கி அதைச் சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை என்பதே அன்று எனக்குப் போதுமானதாயிருந்தது. எங்கள் சபையோ நாற்பது குடும்பம். பெயர் எதற்கு? அன்று பெண்கள் பக்கம் தலைகள் திரும்பியதை நான் கண்டேன். என் செய்தி அவர்களைத் தொட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

வானொலிக்கு எழுதியவர்கள் தங்கள் பெயர் ஒலிக்க வேண்டுமென்று எழுதினார்கள். இந்தத் தாயார் ஒலிக்கக் கூடாதென்று நம்பிச் சொன்னார். இரண்டையும் வேறுபடுத்தி அறியாத ஒரு மனிதன் வாசலில் டப்பாவை வைத்துக் கருத்து கேட்டால் யார் எழுதுவார்கள்?

ஊர் திரும்பியதும் முதலில் மின்விசிறியைப் பழுதுபார்க்க ஆளை அழைத்தேன். நான்கு வாரமாக அந்தச் சீட்டு மேசையில் கிடந்திருக்கிறது! சபையார் ஒரே ஒரு காரியத்தைத் தெளிவாய்ச் சொல்லியிருந்தும், ‘இதுவா நான் கேட்டது’ என்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். புதிய பேரிங் போட்டார்கள். அடுத்த ஞாயிறு, “மின்விசிறியைப் பற்றி எழுதியவருக்கு நன்றி, சரிசெய்துவிட்டோம்” என்று மட்டும் அறிவித்தேன். ஆட்டுக்குட்டியை ஞாயிறு பள்ளிச் சுவரில் ஒட்டினோம். பத்து ரூபாய் காணிக்கையில் சேர்ந்தது.

பிறகு அந்தத் தாயாரின் வீட்டிற்குச் சென்றேன். மலையடிவாரத்தில் வீடு. மலைமேல் சிவன் கோயிலும் இடிந்த கோட்டையும், அவற்றுக்கெல்லாம் முற்பட்ட காலத்து மனிதர் குகைப் பாறையில் கீறிய உருவங்களும் இருக்கின்றன. ஏதோ சொல்ல நினைத்துத்தான் கீறியிருப்பார்கள். இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்குகிறோம். அன்று நான் மலையைப் பார்க்கும் நிலையில் இல்லை.

அவர் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, “அம்மா, அன்றைக்கு நான் செய்தது தவறு, என்னை மன்னிக்க வேண்டும்” என்றேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. வெகுநேரம் உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அந்தப் பக்கமா நா நாலு மாசம் தண்ணிக்கே போவல ஐயா” என்றார். அவ்வளவுதான். சீட்டைப் பற்றி நானாகவே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நா எழுதல ஐயா. எனக்கு எழுதத் தெரியாதே.”

ஆக, வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். அவருக்காக எழுதினார்களோ, அவரைப்போலவே வேறொருவருக்கும் நான் அப்படிச் செய்தேனோ, அறியேன். தேடவுமில்லை. ஆனால் பழைய பிரசங்கக் குறிப்புகளை எடுத்துவைத்து, ‘நம் சபையிலே ஒருவர்’ என்று தொடங்கும் இடங்களை எண்ணினேன். பதினேழு. அவற்றுள் உரியவரிடம் கேட்டுச் சொன்னது ஒன்றுமில்லை.

இப்போது டப்பாவின் மேல் ‘உங்கள் கருத்துகள்’ என்ற காகிதம் இல்லை. வாரம் ஒரு கேள்வி எழுதி வைக்கிறேன். எனக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியாக இருக்கவேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. அது கடினமாகத்தான் இருக்கிறது. எரிகோ வழியோரம் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்திமேயுவிடம்கூட, உனக்கு என்ன வேண்டும் என்று ஆண்டவர் கேட்டுவிட்டே செய்தார். பார்த்தாலே தெரியாதா என்று சிறுவயதில் எனக்குத் தோன்றியதுண்டு. எழுதத் தெரியாதவர்களுக்காக வியாழன் மாலை வாசற்படியில் உட்காருகிறேன். சில வியாழன்களில் யாரும் வருவதில்லை, கொசு வருகிறது.

சென்ற வியாழன் அந்தத் தாயார் வந்தார். உட்காரவில்லை, தூணைப் பிடித்து நின்றுகொண்டே, “யோபுவப் பத்திச் சொன்னீங்களே ஐயா, எனக்கு அது புடிக்கல” என்றார். பதினொரு ஆண்டுகளில் என்னிடம் யாரும் சொல்லாத சொல். ஏன் அம்மா என்றேன்.

“ஆடு மாடெல்லாம் ரெண்டு மடங்கா குடுத்தாரு, சரி. புள்ளைங்களும் திரும்பப் பொறந்துதுன்னு சந்தோசமா சொல்லி முடிச்சிட்டீங்க. மொதல்ல செத்துப்போன பத்துப் புள்ளைங்களும்? அதுங்களப் பெத்தவ ஒருத்தி இருந்தாளே, அவளப் போயி யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?”

என்னிடம் ஆயத்தமாய் ஒரு விளக்கம் இருந்தது. வேதாகமக் கல்லூரியில் கற்றது. வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். “பேரு போடாம எழுதிக்குங்க. பதில் தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு, பால் கறக்க நேரமாயிற்று என்று இறங்கிப் போனார்.

இந்த வாரம் டப்பாவின் மேல் அவர் கேட்டதையே எழுதி வைத்திருக்கிறேன்.